தும்பிக்கை லை

சாவிச் சத்தம்தான் முதலில் வந்தது. மாடியில் ஒரு படத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்த அஞ்சலை அதைக் கேட்டதும் படிப் பக்கம் திரும்பினாள். கீழே மரப்படியில் கொத்துச் சாவி ஒன்று குலுங்கிக்கொண்டே ஏறி வந்தது. அவள் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட அந்தச் சத்தம் யாருடையது என்று சொல்லிவிடும். நடைபாதையில் அது கேட்டால் போதும், வகுப்பில் ஈ பறக்கிற ஓசை கேட்கும். ஆபீஸ் அலமாரியிலிருந்து கழிவறை வரைக்கும் எல்லாச் சாவியையும் இடுப்பிலேயே தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற மனிதர் ஜொகூர் முழுவதும் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் தலைமையாசிரியர் ஜெயபாலன். மலாயில் குரு பெசார். அதைச் சுருக்கி எல்லாரும் ஜீபி என்பார்கள்.

அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்த படம் அவரைப் பற்றியதுதான். அதைச் செதுக்கியவள் அவள்தான்.

ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி அது. பிரையன் அங்கே அச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். சுவர் முழுக்க நையாண்டிப் படங்களைத் தொங்கவிட்டு, கண்காட்சிக்குக் ‘குத்தல்’ என்று பெயரும் வைத்திருந்தான். எல்லாமே லினோவில் செதுக்கியவை. ரப்பர் மாதிரி வளைகிற பலகையில் படத்தை இடவலமாகத் திருப்பிச் செதுக்கி, மையை உருட்டி, தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். கணவன் செல்வாவுக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் விழுகிற வாரங்களில், மகளை அவனிடம் விட்டுவிட்டு அஞ்சலை மாலையில் இங்கே வந்து செதுக்குவாள். அவள் ஓவிய ஆசிரியைதான். ஆனால் பள்ளியில் அவளுக்கு ஓவியம் என்றால் கேண்டீன் சுவரில் மீன் வரைவதும், பிரமுகர் வந்தால் வரவேற்புப் பலகை எழுதுவதும்தான். அந்தப் பலகையும் மலாயில்தான் இருக்கும்.

“பேரு போட மாட்டேன்,” என்று பிரையனிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“கையெழுத்து இல்லாத பிரிண்ட் பாதி பிரிண்ட்தான், டீச்சர்,” என்றான் அவன். அச்சுப்படம் என்றால் கீழ் ஓரத்தில், வலது பக்கம், வரைந்தவர் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். அது அந்தத் தொழிலின் வழக்கம். அவள் படத்தில் அந்த இடம் வெறுமனே கிடந்தது. பக்கத்து அட்டையில், ‘பெயர் சொல்ல விரும்பாதவர்’ என்று பிரையன் அச்சடித்து ஒட்டியிருந்தான்.

படத்தின் தலைப்பு ‘தலைமை’. மேலே பெரிய எழுத்தில் அந்தச் சொல்லையே செதுக்கியிருந்தாள். கீழே ஒரு மனிதர். கழுத்துக்கு மேல் தலை கிடையாது. அந்த இடத்தில் ஆபீஸில் குத்துகிற சாப், ரப்பர் முத்திரை. அதிலிருந்து மை சொட்டுகிறது. தலையும் மையும் சேர்ந்தால் தலைமை, அவ்வளவுதான் விஷயம். எதிரே வெயிலில் வரிசையாகப் பிள்ளைகள். எல்லா நெற்றியிலும் ‘சரி’ என்று குத்தியிருக்கிறது.

அவள் அதை வேடிக்கைக்குச் செய்யவில்லை. பிரமுகர் ஒருவர் பள்ளிக்கு வந்த நாளில் பிள்ளைகளைத் திடலில் நிற்க வைத்துவிட்டார்கள். வருகிறார் வருகிறார் என்று நேரம் போனது. ஒரு பெண் குழந்தை சுருண்டு விழுந்தது. தூக்கப் போன அஞ்சலையிடம், “போட்டோ எடுத்து முடியட்டும் டீச்சர், வரிசை கலைஞ்சிரும்,” என்றார் ஜீபி. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையைத்தான் நங்கென்று வைத்தாள். மறுவாரம் பட்டறையில் கத்தியை எடுத்தாள்.

வாயைத் திறக்காததற்குக் காரணம் பாலோ. அந்தச் செம்பனைக் காட்டு ஊரில் அவள் வருடக்கணக்கில் வேலை பார்த்தவள். வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வருவாள். மகள் லோஷினிக்குக் காய்ச்சல் கண்டால் அப்பாவைத்தான் கூப்பிடும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடும். எத்தனையோ மனு போட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் கிடைத்த பிறகுதான் பிள்ளை அவளிடம் ஒட்டியது. அது ஜீபிக்கும் தெரியும். “நம்ம வீட்டு விஷயம் வெளிய போச்சுன்னா, பாலோ பக்கம் ஆளு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க,” என்று ஆசிரியர் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் ஒரு வரி எழுதினால் போதும், அவள் மறுபடி பாலோவுக்குத்தான்.

“அட, அஞ்சலை டீச்சரும் இங்கதான் இருக்கீங்களா?” ஜீபி மாடிக்கு வந்துவிட்டார். பின்னால் இளம் ஆசிரியை ரூபினி. “நல்லதா போச்சு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாமான்னு பாக்க வந்தோம். வீரமுத்து சாரும் வந்திருக்காரு. முட்டி வலியாம், கீழ உக்காந்துட்டாரு.”

“வாங்க சார்,” என்றாள். நகர்ந்து, தன் படத்தை மறைத்தாற்போல நின்றாள். அந்த மெலிந்த உடம்பால் எதை மறைக்க முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை. அறையின் கோடியில் இருந்த பிரையன் அவளைப் பார்த்தான். யார் வந்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஜீபி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். சிங்கப்பூர் பாலத்து நெரிசல். எறும்பு எறும்பாக மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொரு எறும்பின் முதுகிலும் தூங்கி வழிகிற ஒரு மனிதன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “குப்பை,” என்று அடுத்ததற்குப் போவார் என்று அஞ்சலை நினைத்தாள். அவர் போகவில்லை. மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

“தூரத்துல இருக்கறவன மெல்லிசா வெட்டியிருக்கான். கிட்ட வரவர கோடு தடிக்குது பாருங்க, ரூபினி. எங்கயும் கை நடுங்கல.”

“சாருக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றாள் ரூபினி.

“மக்தாப்புல எனக்குப் பாடமே ஓவியம்தானே. அங்க ஆசிரியர் பயிற்சி முடிக்கிற வரைக்கும் பேனாவும் கையுமாத்தான் இருந்தேன். அப்புறம் எங்க. பைலு, மீட்டிங்கு.” அவர் குரலில் சின்ன ஏக்கம் கேட்டது. அஞ்சலைக்கு அது பிடிக்கவில்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் ஒரு மனிதர் மேல் பரிதாபம் வருவது எவ்வளவு இம்சை.

அவர் ஒவ்வொரு படமாக நகர்ந்து வந்தார். ஒரு படத்தில் கறுப்பு கூடிப்போய்விட்டது என்றார். இன்னொன்றில் விரல்களைப் பார்த்து, வரையத் தெரியாதவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுவிடுவான், இவன் விடவில்லை என்றார். சொன்னதெல்லாம் சரிதான்.

“சார், கீழ இன்னும் நல்ல படம்லாம் இருக்கு,” என்றாள் அஞ்சலை.

“இருக்கட்டும். நீங்க கொஞ்சம் தள்ளுங்க, டீச்சர்.”

தள்ளினாள். வேறு என்ன செய்வாள்.

ஜீபி ‘தலைமை’யின் முன் நின்றார். நிற்கும்போது வழக்கம்போல இடது கைக் கட்டைவிரலைப் பின்பக்கம் பெல்ட்டில் செருகிக்கொண்டார். காலில் போட்டிருந்த சப்பாத்தின் பின்புறத்தை மிதித்து மிதித்து மடக்கிவிட்டிருந்தார். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. படத்தில் இருந்த மனிதனும் அப்படியேதான் நின்றான். அதே கட்டைவிரல், அதே மடிந்த சப்பாத்து, அதே தோள். அஞ்சலை முகத்தை வரையவே இல்லை. முகம் தேவைப்படவும் இல்லை. இப்போது ஆளும் படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதைப் பார்த்தபோது, இவ்வளவு அச்சாகச் செதுக்கித் தொலைத்தோமே என்று தன் கை மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

“யப்பா,” என்றார் ஜீபி. மெதுவாகத்தான் சொன்னார். “இவன் கெட்டிக்காரன்.”

அஞ்சலை சுவர் ஓரமாக இன்னும் ஒரு அடி தள்ளி நின்றாள்.

“முதுகப் பாருங்க. ஒரே வெட்டு. தோள்ல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் கத்தியத் தூக்கவே இல்ல. தூக்கியிருந்தா அந்த எடத்துல பிசிறு நிக்கும். அப்புறம் இந்த வெயிலு. மத்தவன்னா வெயிலுக்குக் கோடு கோடா போட்டுத் தள்ளுவான். இவன் ஒன்னுமே போடல. வெள்ளையா விட்டுட்டு, பிள்ளைங்க காலடியில நெழல மட்டும் குட்டையா வெட்டியிருக்கான். உச்சி வெயிலுன்னு நமக்கே சுடுது.”

அந்த முதுகுக் கோட்டுக்காக அவள் எத்தனை பலகையைப் பாழாக்கினாள் என்பது பிரையனுக்கு மட்டும்தான் தெரியும். அவன்கூட அந்த நிழலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. செல்வா பார்த்துவிட்டு, “நல்லாருக்கு லா,” என்றான், போனை நோண்டிக்கொண்டே. வாழ்நாளில் அவள் கோட்டைக் கோடாகப் பார்த்த முதல் ஆள் இந்த மனிதர்தான். இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. இதோடு நிறுத்திக்கொண்டு போய்விட வேண்டுமே என்றும் இருந்தது.

அப்போதுதான் ரூபினி படத்தைப் பார்த்தாள், ஜீபியைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போனது. வேண்டாம் என்று அஞ்சலை கண்ணாலேயே கெஞ்சினாள். ரூபினி சட்டென்று பக்கத்துப் படத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

“என்ன நிக்கிறான் பாருங்க, ஊரையே வாங்கினவன் மாதிரி,” என்று சிரித்த ஜீபி, நழுவிய கால்சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். இடுப்பில் சாவிக் கொத்து குலுங்கியது.

படத்தில் இருந்தவனின் இடுப்பிலும் ஒரு சாவிக் கொத்து இருந்தது.

அவர் சிரிப்பு நின்றது. கண் சாவியிலிருந்து பெல்ட்டுக்குப் போனது. பெல்ட்டிலிருந்து சப்பாத்துக்கு வந்தது. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். இடது கையை மெல்லப் பெல்ட்டிலிருந்து உருவி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டார். காது சிவந்துவிட்டது.

“யாரு இது?” பிரையனைக் கேட்டார்.

“பேரு வேணாம்னுட்டாங்க, சார்.”

“வேணாம்னுட்டாங்களா? பொம்பளையா?”

“யாரா இருந்தாலும் எனக்கு அப்படித்தான் வாயில வரும், சார்.”

ஜீபி மறுபடியும் படத்தின் பக்கம் திரும்பினார். கொஞ்சம் முன்னால் ரசித்த அதே கண்தான். இப்போது அது போலீஸ்காரன் கண்ணாகிவிட்டது. அங்குலம் அங்குலமாகத் தேடினார். அவர் விரல் மேலே போய், தலைப்பின் இரண்டாவது எழுத்தில் நின்றது.

“ரூபினி,” என்றார். “வீரமுத்து சார மேல வரச் சொல்லுங்க.”

அஞ்சலை அந்த எழுத்தைப் பார்த்தாள். அது பழைய லை. இரட்டைச் சுழியைத் தனியாக முன்னால் போடாமல், ல-வோடு ஒட்டி, தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துப் போடுகிற லை. பாடப்புத்தகத்திலிருந்து அது போய் எவ்வளவோ காலம் ஆகிறது. அவள் அப்பாதான் அவளுக்கு முதலில் எழுத்துக் காட்டினார். அவர் போட்டது தும்பிக்கைதான். பள்ளியில் எவ்வளவோ திருத்திப் பார்த்தார்கள், அவள் கை மாறவில்லை. ஆனால் அது யாருக்குத் தெரியும்? படிவம், அறிக்கை, கையெழுத்து எல்லாம் ரோமன் எழுத்தில். தமிழில் தட்டினால் கணினியே புதிய லையைப் போட்டுவிடும். இந்தப் பள்ளிக்கு வந்த பிறகு அவள் கையால் தமிழ் எழுதி யாரும் பார்த்ததே இல்லை. செதுக்கும்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. எழுத்தைத் திருப்பிச் செதுக்கும்போது யாரும் படித்துக்கொண்டு செதுக்குவதில்லை. வடிவத்தைத்தான் பார்ப்பார்கள். கை தனக்குத் தெரிந்த வடிவத்தைப் போட்டுவிட்டது.

பள்ளியில் தும்பிக்கை லை என்றால் வீரமுத்து சார்தான். தமிழ் மொழி ஆசிரியர். கரும்பலகையில் இன்னும் அதைத்தான் போடுவார். பெற்றோர் புகார் கொடுத்து, ஜீபி கண்டித்து, அவர் முறைத்து, அது ஒரு பெரிய கதை. இந்த வருடக் கடைசியில் அவருக்கு ஓய்வு.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். “என்ன ஜீபி, படம் பாக்க மேல ஏறணுமா? அலமாக், இந்தப் படி…”

“நீங்க எழுதினத பாக்க வேணாமா, சார்?”

வீரமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். சாப்பைப் பார்த்ததும் உதடு லேசாகப் பிரிந்தது. சாவியைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

“நான் பல்லி வரைஞ்சா பல்லிக்கே அடையாளம் தெரியாது, ஜீபி. நானாவது இத வரையறதாவது.”

“வரைஞ்சவன் வேற. எழுதிக் குடுத்தது யாரு? இந்த லை போடுற ஆளு நம்ம ஸ்கூல்ல எத்தன பேரு?”

வீரமுத்து எழுத்தை உற்றுப் பார்த்தார். ஆசிரியர் புத்தி அந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. “நான் போட்டிருந்தா வளைவு இன்னும் உருண்டையா வந்திருக்கும்.”

“ஆக, போடத் தெரியும்னு ஒத்துக்கறீங்க.” ஜீபியின் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “ரிட்டயராகப் போறவருன்னு இவ்வளவு நாளா பொறுத்துப் போனேன். திங்கக்கிழம கல்வி இலாகாவுக்கு எழுதுறேன். ஸ்கூல அவமானப்படுத்தினதுக்கு விசாரண வரும். பிரியாவிட, மாலை, பொன்னாடை எல்லாத்தையும் மறந்துடுங்க.”

“ஜீபி, நான் இல்ல.”

“இங்க எழுதியிருக்கே, சார்.”

“இத்தன வருசத்துல என் மேல ஒரு புகார் கடுதாசி கெடையாது, ஜீபி. ஒன்னு கெடையாது.” வீரமுத்து கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைக்கப் போனார். கண்ணாடி கை நழுவித் தரையில் விழுந்தது. முட்டி மடங்காமல் அவர் அதை எடுக்கக் குனிய முயன்றார், முடியவில்லை. ரூபினி ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும் சபைக்கூடலில் மைக் இல்லாமலேயே திடலை அதட்டுகிற மனிதர், கண்ணாடியை வாங்கிக்கொண்டு, பிள்ளை மாதிரி நின்றார்.

சும்மா இருந்துவிடலாம் என்று அஞ்சலை நினைத்தாள். அவள் அப்படி நினைத்ததை மறைப்பதற்கில்லை. ஆதாரம் ஒன்றும் இல்லை, விசாரணையில் வீரமுத்து சார் தப்பித்துக்கொள்வார், பிரையனும் வாய் திறக்க மாட்டான். லோஷினியின் சுடுகிற நெற்றி நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் காய்ச்சல் வந்தால் அவள் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அதை விட்டுவிட்டு மறுபடி பாலோவில் ஒரு வாடகை அறைக்குப் போய்ப் படுக்க வேண்டுமா? எதற்கு? ஒரு படத்துக்காகவா?

கண் தானாகப் படத்துக்குப் போனது. வரிசையில் நிற்கிற பிள்ளைகள். எல்லா நெற்றியிலும் சரி, சரி, சரி. இப்போது வாயை மூடிக்கொண்டால் அந்த வரிசையின் கடைசியில் தானும் போய் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அவமானமாக இருந்தது. அன்று விழுந்த குழந்தையைத் தூக்காமல் நின்ற அவமானமும் அதோடு சேர்ந்துகொண்டது.

“பிரையன்,” என்றாள். “பென்சில் இருக்கா?”

பிரையன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான்.

“என்ன டீச்சர்?” என்றார் ஜீபி.

படம் கண்ணாடிச் சட்டம் இல்லாமல், மேலே இரண்டு கிளிப்பில்தான் தொங்கியது. இடது கையால் தாளின் ஓரத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கீழே, வலது பக்கம், அந்த வெற்று இடத்தில் பென்சிலை வைத்தாள். அ என்று போட்டாள். ஞ், ச. கடைசி எழுத்துக்கு வந்ததும் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில், அப்பா காட்டிய மாதிரி, தும்பிக்கையைத் தூக்கி வளைத்தாள்.

அஞ்சலை.

மேலே ஒரு லை, கீழே ஒரு லை. இரண்டும் ஒரே அச்சு.

ரூபினி வாய்க்குள் ஏதோ முனகினாள். வீரமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து, கையெழுத்தைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. ஜீபி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“கட்டவிரல,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “பெல்ட்டுல சொருவுறத. எப்பப் பாத்தீங்க?”

“திங்கக்கிழம திங்கக்கிழம, சபைக்கூடல்ல. உங்களுக்குப் பின்னால, டீச்சருங்க வரிசையில நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன், சார்.”

அவர் இன்னொரு முறை அந்த முதுகுக் கோட்டைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டார், அது முகத்தில் தெரிந்தது. அப்புறம் முகம் இறுகியது.

“பாலோவுல தங்க எடம் பாத்து வைங்க, டீச்சர்,” என்றார். “திங்கக்கிழம என் ரூமுக்கு வாங்க.”

“வர்றேன், சார்,” என்றாள். குரல் உடைந்துதான் வந்தது. உடைந்தாலும் வந்தது.

“வீரமுத்து சார், போலாமா?”

“நீங்க போங்க, ஜீபி. நான் படம் பாக்கணும்.” வீரமுத்து அசையவில்லை. ரூபினி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வீரமுத்துவின் பக்கத்தில் போய் நின்றாள்.

ஜீபி தனியாகப் படியை நோக்கி நடந்தார். இடது கை பழக்கத்தில் பின்பக்கம் போனது. பெல்ட்டைத் தொட்டதும் சுட்டதைப் போல இழுத்துக்கொண்டார். முதல் படியில் கால் வைத்து, ஒரு கணம் நின்றார். பிறகு இறங்கினார். பழைய படி ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டது. அஞ்சலை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். படிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் சாவிக் கொத்தைக் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு இறங்கினார்.